மறுபடியும் வயிற்றைத் திறப்பதா?

முன்பு நடந்த அறுவைச் சிகிச்சைகளால் வந்த குடல் அடைப்புக்காக இன்னோர் அறுவை செய்துகொள்ளலாமா என்பது கடந்த சில ஆண்டுகளாக எங்கள் வீட்டில் பேசி முடியாத பேச்சாக இருந்தது. பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில் எனக்குக் குடல்வால் வெடித்துச் சீழ் வயிற்றுக்குள் பரவிவிட்டதால், நடுவயிற்றை நீளமாகத் திறந்து கழுவிச் சுத்தம் செய்தார்கள். பிறகு மகள் பிறந்தது சிசேரியனில். இரண்டுக்கும் பின் நெடுங்காலம் எந்தத் தொல்லையும் இல்லை. நாற்பதைத் தாண்டிய பிறகுதான் முதல் அடைப்பு வந்தது. அதன் பின் மறுபடியும் வந்தது, இடைவெளி சுருங்கிக்கொண்டும் வந்தது. ஒவ்வொரு முறையும் அறுவை இல்லாமலே சரியானது. அப்படிச் சரியாகிக்கொண்டே இருந்ததுதான் முடிவெடுப்பதைக் கடினமாக்கியது. உயிருக்கு ஆபத்து என்றால் யாரும் நின்று யோசிக்கப் போவதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டியதுதான். நன்றாகச் சாப்பிட்டுப் பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் உடம்பை அறுவை மேசையில் படுக்கவைக்கச் சம்மதிப்பது வேறு வகையான முடிவு. இதே நிலையில் இருப்பவர்கள் பலரோடு மருத்துவமனை வராந்தாக்களில் பேசியிருக்கிறேன். அவர்களை நினைத்துக்கொண்டுதான், நான் எவற்றை எடைபோட்டேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

வயிற்றறையின் உட்சுவரையும் குடலின் வெளிப்புறத்தையும் பெரிட்டோனியம் என்னும் மெல்லிய, வழுவழுப்பான உறை போர்த்தியிருக்கிறது. அந்த வழுவழுப்பு இருப்பதால்தான் அத்தனை மீட்டர் நீளமுள்ள சிறுகுடல் தன் மடிப்புகளுக்குள் சிக்காமல் நெளிந்து நகர்கிறது. கத்தியோ, கை படுவதோ, சீழோ, தேங்கிய ரத்தமோ, எதனால் அந்த உறை காயப்பட்டாலும் அந்த இடத்தில் ஃபைப்ரின் என்ற பசைத்தன்மையுள்ள புரதம் படிகிறது. சில நாட்களில் உடம்பே அதைக் கரைத்துவிட்டால், ஒரு வார அளவில் உறை பழையபடி மூடிக்கொள்ளும். கரையாமல் தங்கிவிட்டால் அதற்குள் நார்த்திசு வளர்ந்து, குடலைக் குடலோடும் குடலை வயிற்றுச் சுவரோடும் இணைக்கும் நிரந்தரமான நாடாவாகிவிடும். இதைத்தான் மருத்துவர்கள் அட்ஹீஷன் என்கிறார்கள், நாம் குடல் ஒட்டல் என்கிறோம். அறுவை செய்தவர் கவனக்குறைவாக இருந்ததால் இது வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1990ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், முன்பு வயிற்று அறுவை நடந்தவர்களை மீண்டும் திறந்து பார்த்தபோது நூற்றுக்கு 93 பேருக்கு ஒட்டல் இருந்தது. ஆகவே ஒட்டல் இருப்பது விதி; அது அடைப்பாக மாறுவதுதான் விலக்கு. ஸ்காட்லாந்தில் 1986ல் வயிற்றிலோ இடுப்பறையிலோ திறந்த அறுவை செய்துகொண்ட ஏறத்தாழ 30,000 பேரைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், மூவரில் ஒருவர் ஒட்டலோடு தொடர்புள்ள, அல்லது தொடர்பிருக்கக்கூடிய, காரணத்துக்காகவோ வயிற்றில் இன்னோர் அறுவைக்காகவோ திரும்ப மருத்துவமனைக்கு வந்திருக்கிறார்கள். எனக்குச் சிகிச்சை செய்த அந்தக் காலத்து மருத்துவர்மீது இருந்த மனத்தாங்கல் இந்த எண்களைப் படித்தபின் போய்விட்டது. சீழ் பரவிய வயிற்றில் அவர் என்னைப் பிழைக்க வைத்தார்; அதுதான் உண்மை.

அடைப்பு வந்தவர்களுக்கு அதன் அறிகுறிகளை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தொப்புளைச் சுற்றி அலை அலையாக வலி வரும், வயிறு உப்பும், முதலில் சாப்பிட்டதும் பிறகு பச்சை நிறப் பித்தமும் வாந்தியாக வரும், வாயு பிரிவது நின்றுபோகும். உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் நீர் என்று நாளொன்றுக்கு ஏழெட்டு லிட்டர் திரவம் உணவுப் பாதையில் சுரந்து, பெரும்பகுதி கீழே போகப்போகத் திரும்ப உறிஞ்சப்படுகிறது. வழி அடைபட்டால் அந்தத் திரவம் அடைப்புக்கு மேலே தேங்கிக் குடலை வீங்கச் செய்கிறது. ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத நிலையிலும் வாந்தி நிற்காமல் வருவதன் காரணம் இதுதான். அதனால்தான் மருத்துவமனையில் முதலில் தேங்கியதை வெளியே எடுக்க மூக்கு வழியாக இரைப்பைக்கு ரைல்ஸ் ட்யூப் என்ற குழாயை இறக்குகிறார்கள், வாய்வழி எதுவும் தராமல் டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள், ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தால் அதை ஈடுசெய்கிறார்கள். அந்தக் குழாய் தொண்டையைக் கடக்கும் நிமிடத்தை நான் அஞ்சாத நாள் இல்லை. ஆனால் 1930களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஓவன் வாங்கன்ஸ்டீன் என்ற அறுவை மருத்துவர் மூக்குக் குழாய் வழியாகத் தொடர்ந்து உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் குடல் அடைப்பில் இறப்பு வெகுவாகக் குறைந்தது என்று அறிந்த பின், அதை நன்றியோடு ஏற்றுக்கொள்கிறேன். பிறகு காத்திருப்புதான். காலையிலும் மாலையிலும் ரவுண்ட்ஸ் வருபவர்கள், மாத்திரை கொடுக்கும் சிஸ்டர், துடைக்க வரும் அம்மா, எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: “கேஸ் போச்சாம்மா?”

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வயிற்று வலி என்றால் குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் தடவி வயிற்றை நீவி விடுவதும், தொக்கம் எடுப்பவரிடம் அழைத்துப் போவதும், விளக்கெண்ணெய் கொடுப்பதும் இன்றும் வழக்கம். அன்போடுதான் செய்கிறார்கள். முன்பு வயிற்று அறுவை நடந்த ஒருவருக்கு வாந்தியும் உப்புசமும் வாயு பிரியாமையும் சேர்ந்து வரும்போது இவை எதையும் செய்யக் கூடாது. பேதி மருந்து அடைபட்ட குடலை மேலும் முறுக்கிப் பிழிய வைக்கும். நீவி விடும் நேரத்தில் மருத்துவமனைக்குப் போகும் நேரம் கழிந்துபோகும். குடலின் ஒரு வளையம் நாடாவுக்கடியில் இறுகி ரத்த ஓட்டம் நின்றால், சில மணி நேரத்தில் அந்தப் பகுதி அழுகிவிடக்கூடும். அலை அலையாக வந்த வலி விடாத வலியாக மாறுவது, காய்ச்சல், நாடித் துடிப்பு வேகமாவது, வயிற்றைத் தொட்டாலே தாங்காமை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அது அறுவைக்கான நேரமாக இருக்கலாம். அங்கே தேர்வு செய்ய நமக்கு எதுவும் இல்லை.

அடைப்பின்மேல் சூரியன் உதிக்கவோ மறையவோ விடக் கூடாது, அதாவது தாமதிக்காமல் அறுவை செய்துவிட வேண்டும் என்று அறுவை மருத்துவர்கள் ஒரு காலத்தில் சொல்லிவந்தார்கள். சி.டி. ஸ்கேன் வந்து, உள்ளே ரத்த ஓட்டம் கெட்டிருக்கிறதா என்று ஓரளவு முன்கூட்டியே பார்க்க முடிந்தபின் அந்தப் பேச்சு மாறியது. அப்படிப்பட்ட அபாய அறிகுறி இல்லையென்றால் ஏறத்தாழ 72 மணி நேரம் வரை பொறுத்துப் பார்க்கலாம் என்பது இன்று பல நாட்டு மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் நடைமுறை. ஒட்டலால் வரும் அடைப்புகளில் பெரும்பாலானவை அதற்குள் விலகிவிடுகின்றன. எனக்குக் காஸ்ட்ரோகிராஃபின் என்ற நீரில் கரையும் சாயத்தை ட்யூப் வழியாகச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். 24 மணி நேரத்துக்குள் அந்தச் சாயம் பெருங்குடலை எட்டிவிட்டால் அடைப்பு தானாக விலகும் என்று நம்பலாம். அது வெறும் சோதனை மட்டுமில்லை. தன் செறிவால் வீங்கிய குடல் சுவரிலிருந்து நீரை உள்ளிழுத்து வழியைத் திறக்கவும் உதவுகிறது. ஆனால் அது இந்த முறை அறுவையைத் தவிர்க்கத்தான் உதவும். நாடா இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அடுத்த அடைப்பைத் தடுக்கும் ஆற்றல் அந்தச் சாயத்துக்கு இல்லை.

என் கேள்வி அந்த அடுத்த அடைப்பைப் பற்றியது. இரண்டு அறுவை மருத்துவர்களைப் பார்த்தேன். மூத்தவர், “தானா சரியாகுறவரைக்கும் கத்தியைத் தொட வேண்டாம் டீச்சர்; தொட்டா புதுசா ஒட்டும்” என்றார். மற்றவர் சிறு துளைகள் வழியாக அறுவை செய்யும் லேப்ராஸ்கோப்பியில் பழகியவர். அவர் என் பழைய ஸ்கேன் படங்களையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, இடைவெளி குறைந்து வருவதைச் சுட்டிக்காட்டி, நல்ல நாளில் திட்டமிட்டுச் செய்துகொள்ளலாம் என்றார். இருவரும் என் நன்மையை எண்ணித்தான் பேசினார்கள். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்ததால், அவர்களில் யார் சரி என்று கேட்பதை விட்டுவிட்டு, அவர்கள் சொன்னவற்றில் எது என் வயிற்றுக்குப் பொருந்தும் என்று பார்க்கத் தொடங்கினேன்.

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 2005 முதல் 2014 வரை ஒட்டலால் முதன்முறை அடைப்பு வந்து சேர்க்கப்பட்ட 27,904 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2019ல் வெளியிட்டார்கள். அறுவை செய்துகொண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேருக்கும், அறுவை இல்லாமல் சரியானவர்களில் நூற்றுக்குச் சுமார் 21 பேருக்கும் மீண்டும் அடைப்பு வந்திருக்கிறது. இதைவிட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அந்த ஆய்வின் இன்னொரு பகுதி: ஒவ்வொரு முறை அடைப்பு வந்து அறுவையின்றி விலகும்போதும் அடுத்த அடைப்புக்கான வாய்ப்பு ஏறிக்கொண்டே போகிறது, அறுவைக்குப் பின் அது ஏறத்தாழப் பாதியாகிறது. பாதியாகிறதே ஒழியப் பூச்சியமாவதில்லை. மேலும், யாருக்கு அறுவை செய்வது என்று சீட்டுக் குலுக்கி ஒதுக்கிச் செய்த ஆய்வு அல்ல அது. பழைய பதிவுகளைத் திரும்பிப் பார்த்தது. அறுவை செய்யப்பட்டவர்களின் நோய்நிலை வேறாக இருந்திருக்கலாம். அப்படியிருந்தும், முதல் அடைப்பில் நிற்கும் ஒருவரின் கணக்கும் பல அடைப்புகளைக் கடந்துவந்த என் கணக்கும் ஒன்றாக இருக்க முடியாது என்பது எனக்கு அதிலிருந்து தெளிவாயிற்று. “தானா சரியாகுதே” என்ற ஆறுதல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எடை குறைகிறது.

எதிர்த்தட்டில் இருப்பதும் லேசானதன்று. ஒட்டிய குடலைப் பிரிக்கும்போது தெரியாமல் குடலில் ஓட்டை விழுவது, பல ஆய்வுகளைத் தொகுத்து 2013ல் வெளியான கணக்கின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேருக்கு நேர்கிறது. முன்பு எத்தனை முறை வயிறு திறக்கப்பட்டிருக்கிறதோ அந்த அளவுக்கு இது கூடும். அப்போதே கண்டு தைத்துவிட்டால் பெரும்பாலும் தப்பலாம். கண்ணில் படாமல் போய் இரண்டு நாள் கழித்துத் தெரியவந்தால் நிலைமை மிக மோசமாகும், தற்காலிகமாகவாவது மலம் வெளியேற வயிற்றில் பை வைக்கும் அளவுக்குப் போகலாம். நான் இதை மருத்துவரிடம் நேராகவே கேட்டேன். சுற்றி வளைக்காமல் பதில் சொன்னார். இந்தக் கேள்விக்கு எரிச்சல்படும் மருத்துவரிடம் திட்டமிட்ட அறுவைக்குப் போகாமலிருப்பது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

உள்ளே இருப்பது ஒற்றை நாடாவா, குடல் முழுவதும் பாய்போல் பின்னிக் கிடக்கிறதா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஒற்றை நாடா என்றால் சிறு துளைகள் வழியாகப் போய் வெட்டிவிட்டு வந்துவிடலாம். ஃபின்லாந்திலும் இத்தாலியிலும், ஒற்றை நாடாவாக இருக்கக்கூடும் என்று கருதப்பட்ட 100 நோயாளிகளை இரு பிரிவாக்கி நடத்தி 2019ல் வெளியான ஆய்வில், லேப்ராஸ்கோப்பி செய்தவர்கள் திறந்த அறுவை செய்தவர்களைவிட ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதலாக முன்னதாகவே வீடு திரும்பினார்கள். குடலில் காயம் படுவதில் பெரிய வேறுபாடு இல்லை. பின்னிக் கிடக்கும் வயிற்றிலோ லேப்ராஸ்கோப்பிக்கே இடம் கிடைக்காது, திறக்க வேண்டிவரும். இதை முன்கூட்டியே முழுதாக அறிய வழியில்லை. ஒட்டல் பொதுவாக ஸ்கேனில் தெரியாது. வீங்கிய குடல் ஓரிடத்தில் திடீரென்று குறுகுவது தெரியும். அந்த இடத்தில் கட்டியோ தடிப்போ வேறு காரணமோ இல்லையென்றால் நாடாவாக இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் வலது அடிவயிற்றில், பழைய குடல்வால் இருந்த பக்கத்தில், ஒரே இடத்தில் அந்தக் குறுகல் வந்திருந்தது. அந்த ஒரு செய்தி என் முடிவில் பாதியைத் தீர்மானித்தது என்று சொல்வேன். ஒவ்வொரு முறையும் இடம் மாறியிருந்தால் நான் இந்த அறுவைக்குச் சம்மதித்திருக்க மாட்டேன்.

அதே இடம் என்பதால்தான் இன்னொன்றையும் பார்க்கச் சொன்னார்கள். நம் நாட்டில் வயிற்றுக் காசநோய் குறைவானதன்று. சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் அந்த வலது அடிவயிற்று மூலைதான் அது விரும்பித் தங்கும் இடம். அங்கே குடலைச் சுருக்கி அடைப்பை உண்டாக்கிவிட்டு, பழைய தழும்பின்மேல் பழியைப் போட்டுவிடும். காசநோய் என்றால் அதற்கு மாதக்கணக்கில் மாத்திரை வேண்டும், ஒட்டலைப் பிரிப்பதால் தீராது. எனக்குப் பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்து, சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்து, அது இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் பேச்சு மேலே நகர்ந்தது. வயிற்றில் தழும்பு இருக்கிறது என்பதற்காகவே எல்லா அடைப்பையும் ஒட்டல் என்று முடிவு கட்டிவிடாமலிருக்க, இந்தச் சோதனையை யாரும் தவிர்க்க வேண்டாம்.

நாள்தோறும் இருக்கும் மந்தமான வயிற்று வலி ஒன்று எனக்கு உண்டு. அறுவை செய்தால் அதுவும் போய்விடும் என்று முதலில் என் கணவர் பெரிதும் எதிர்பார்த்தார். நெதர்லாந்தில் நடத்தி 2003ல் வெளியான ஓர் ஆய்வில், நீண்டநாள் வயிற்று வலியும் ஒட்டலும் உள்ள 100 பேரில் ஒரு பாதிக்கு லேப்ராஸ்கோப்பியில் ஒட்டலைப் பிரித்தார்கள், மறுபாதிக்கு உள்ளே பார்த்துவிட்டு எதையும் தொடாமல் வந்துவிட்டார்கள். ஓராண்டுக்குப் பின் இரு பிரிவினருக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருந்தது. ஆகவே அந்த வலியை நான் காரணங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அடைப்பைத் தடுப்பதற்காகச் செய்வதென்றால் அதற்காக மட்டுமே செய்ய வேண்டும். கூடவே பத்து நன்மைகளை எதிர்பார்த்தால் கணக்குப் பிசகும்.

சாப்பாட்டில் எவ்வளவோ மாற்றிப் பார்த்தோம். முருங்கைக்காயின் சதையை வழித்துவிட்டுச் சக்கையைத் துப்புவது, வாழைத்தண்டு, கீரைத்தண்டு, கொத்தவரை, கொய்யா விதை, ஆரஞ்சுச் சுளைத் தோல் ஆகியவற்றை விடுவது, எதையும் நன்றாக மென்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது. எங்கள் ஊரில் பொங்கலுக்குப் பனங்கிழங்கு இல்லாத வீடு இருக்காது. அதன் நாரை எண்ணி அதையும் விட்டுவிட்டேன். குறுகிய இடத்தில் நார்த் திரள் சிக்கலாம் என்பதால் இந்தக் கவனம் நியாயமானதுதான். ஆனால் குழைந்த சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டிருந்த நாளிலும் எனக்கு அடைப்பு வந்திருக்கிறது. உணவுக் கட்டுப்பாட்டுக்கு ஓரளவுக்குமேல் சக்தி இல்லை. அதை நம்பிக் காலத்தைக் கடத்துவதும் ஒரு முடிவுதான்.

கடைசியில் தராசைச் சாய்த்தது தூரமும் இரவும். நாங்கள் இருப்பது பட்டுக்கோட்டையில். இரவு இரண்டு மணிக்கு வலி தொடங்கினால் தஞ்சாவூருக்கு ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. போய்ச் சேர்ந்து, ஸ்கேன் எடுத்து, அறுவை மருத்துவர் வந்து பார்க்கும்போது விடிந்துவிடும். அந்த நிலையில் அறுவை தேவைப்பட்டால் குடல் வீங்கித் தாள்போல் மெலிந்திருக்கும், உடம்பில் நீரும் உப்பும் வற்றியிருக்கும், மயக்க மருந்தின் அபாயம் கூடியிருக்கும், பணியில் இருப்பவர் யாரோ அவர்தான் செய்வார். திட்டமிட்ட நாளில் குடல் சுருங்கி இயல்பாக இருக்கும், கருவிகளுக்கு இடம் இருக்கும், என் படங்களையெல்லாம் பார்த்த கைகள் செய்யும். இதற்கும் ஒரு குறை உண்டு என்பதையும் மருத்துவர் சொன்னார்: அடைப்பு இல்லாத நேரத்தில் உள்ளே பார்த்தால் ஒட்டல்கள் பலவாகத் தெரியலாம், அவற்றில் குற்றவாளி எது என்று அடையாளம் தெரியாமல் போகலாம். எப்போதும் வலப்பக்கமே அடைபட்டிருப்பதால் அங்கே முதலில் தேடுவேன் என்றார்.

மகளுக்கு இதில் முழுச் சம்மதம் வந்தது. என் நாத்தனார், “நல்லா இருக்கும்போது எதுக்கு அண்ணி வயித்தைக் கிழிச்சுக்கணும்?” என்று இன்றும் கேட்கிறார். அவர் அச்சம் பொய்யன்று. மருத்துவமனைக்கு மிக அருகில் இருக்கிற, ஆண்டுகள் இடைவிட்டு எப்போதாவது அடைப்பு வருகிற ஒருவருக்கு அவர் சொல்வதையே நானும் சொல்வேன்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன் மருத்துவரோடு உட்கார்ந்து சிலவற்றைப் பேசி, அவற்றைக் கேஸ் ஷீட்டிலும் எழுதச் சொன்னேன். லேப்ராஸ்கோப்பியில் தொடங்க வேண்டும். இடமில்லையென்றால் பிடிவாதமாகத் தொடராமல் திறக்கலாம். வலப்பக்கத்து நாடாவை வெட்டினால் போதும். தொல்லை தராத ஒட்டல்களைத் தேடிப்போய்ப் பிரிக்க வேண்டாம், ஏனென்றால் பிரிக்கும் ஒவ்வோர் இடமும் புதிய காயம். முழுவதும் பின்னிக் கிடந்தால், வழி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடலாம். ஒன்றும் செய்யாமல் மூடிவிட்டார் என்று நான் குறைபடமாட்டேன். குடலின் ஒரு பகுதியை எடுக்க வேண்டிவந்தால் எடுக்கலாம், பை வைக்க வேண்டிவந்தால் வைக்கலாம். ஒட்டலைக் குறைக்கும் தடுப்புப் படலம் வைப்பதைப் பற்றிக் கேட்டேன். ஹயலூரோனிக் அமிலம் கலந்த படலங்கள் ஒட்டலைக் குறைக்கின்றன என்றாலும், குடலைத் தைத்த இடத்தின்மேல் அவற்றைச் சுற்றினால் கசிவு வரக்கூடும் என்பதால், உள்ளே பார்த்துத் தீர்மானிப்பதாகச் சொன்னார். பவுடர் தடவிய கையுறையை அவர்கள் பயன்படுத்துவதில்லை. அந்தத் துகள்களே ஒட்டலைத் தூண்டும் என்பதும் ஒரு காரணமாக அமெரிக்காவில் அவற்றை 2017லேயே தடை செய்துவிட்டார்கள்.

என் கணவர் அதுவரை பேசாமல் இருந்தவர், “இத்தனைக்குப் பிறகும் திரும்ப வந்தா என்ன பண்றது டாக்டர்?” என்று கேட்டார். “வரலாம் சார். வந்தா மறுபடி ட்யூப் போட்டுக் காத்திருப்போம். அடுத்த தடவை திறக்கிறதைப் பத்தி இவ்வளவு சீக்கிரம் பேசமாட்டேன்” என்றார் அவர். அந்தப் பதிலைக் கேட்டபின் நாள் குறித்தோம். அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுவாரம். விடுமுறை போக மீதி நாட்களுக்கு மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று.